ஈயும் புழுவும் மருத்துவத்திலும் தடய அறிவியலிலும்: சிவகாசி பட்டாசு வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் மாட்டின் புண்ணில் புழு நெளியக் கண்டால் ‘புழு வைத்துவிட்டது’ என்பர். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் குழைத்துத் தடவுவதும், சீத்தாப்பழ இலையை அரைத்துக் கட்டுவதும் அதற்குரிய கைமருந்துகள். புழுவை ஒழிப்பதே அவற்றின் நோக்கம். அதே புழுவை மருத்துவத்தின் ஒரு பிரிவு மருந்தாகவும், தடய அறிவியல் சாட்சியாகவும் கொள்கின்றன. இவ்விரு பயன்பாடுகளின் அடிப்படைகளை விளக்குவதும், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளை உள்ளடக்கிய பட்டாசு வட்டாரத்தில் அவை எங்கே துணைநிற்கும், எங்கே தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகேயுள்ள அச்சங்குளத்தில் இருபது பேர் அளவில் இறந்தனர். இத்தகைய விபத்துகளில் இறந்த நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. எனவே, இறந்து எத்தனை நாள் என்று கணக்கிடும் பூச்சியியலுக்கு இங்கே வேலை இல்லை என்று தோன்றலாம். ஆனால், கேள்வி நேரத்தைப் பற்றியது மட்டுமன்று.

உயிருள்ள தசையும் இறந்த தசையும்

எல்லா ஈப்புழுவும் ஒன்றன்று என்பதை இந்தியாவில் தெளிவுபடுத்தியவர்களுள் டபிள்யூ. எஸ். பேட்டன் முதன்மையானவர். இவர் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தில் பணியாற்றியவர், எப். டபிள்யூ. கிராக்குடன் இணைந்து 1913இல் மருத்துவப் பூச்சியியல் பாடநூலொன்றை வெளியிட்டவர். இந்தியாவில் மனிதர், கால்நடைகளின் புண்களில் புழு வைப்பதற்குப் பெரிதும் காரணமாவது கிரைசோமியா பெஸ்ஸியானா என்னும் ஈ என்பதை 1920இல் அவர் எழுதிய கட்டுரை நிறுவியது. இந்த ஈயின் புழு உயிருள்ள தசையைத் துளைத்து உண்ணும். இறந்த உடலில் அது வாழாது. இதற்கு மாறாக, கிரைசோமியா மெகசெபாலா, கிரைசோமியா ரூபிபேசியஸ், லூசிலியா குப்ரினா ஆகிய பளபளக்கும் ஈக்கள் முதன்மையாக அழுகும் ஊனை நாடுபவை. பேச்சுவழக்கில் இவை அனைத்தும் ‘பச்சை ஈ’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதனால் விளையும் குழப்பம் சிறியதன்று. ஒன்று புண்ணை அரிப்பது, மற்றொன்று தக்க முறையில் கையாண்டால் புண்ணைத் துப்புரவாக்கக்கூடியது.

புண்ணைத் துப்புரவாக்கும் புழு

நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, எகிப்துப் படையெடுப்பின்போது புழு வைத்த காயங்கள் விரைந்து ஆறியதைப் பதிவு செய்தார். அமெரிக்க எலும்பு மருத்துவர் வில்லியம் பேயர் முதல் உலகப் போரில், ஏழு நாள் போர்க்களத்தில் கிடந்த இரு வீரர்களைக் கண்டார். அவர்கள் காயங்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் இருந்தும் காய்ச்சல் இல்லை. புழுக்களை அகற்றியபோது அடியில் சிவந்த புதுத்தசை தெரிந்தது. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்சில் எலும்பழற்சியால் வாடிய குழந்தைகளுக்கு அவர் இம்முறையைக் கையாண்டார். தூய்மை செய்யப்படாத புழுக்களால் சிலருக்கு இரணஜன்னி நேர்ந்ததை அடுத்தே, முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்து வளர்க்கும் வழக்கம் வந்தது. அவருடைய ஆய்வு 1931இல் வெளியானது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகிய 1940களில் இம்முறை மறைந்து, 1989 முதல் கலிபோர்னியாவில் ரொனால்ட் ஷெர்மனால் மீட்டெடுக்கப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

புழு பற்களால் கடித்து உண்பதில்லை. செரிமான நொதிகளைப் புண்ணின்மீது உமிழ்ந்து, கரைந்த இறந்த தசையை உறிஞ்சுகிறது. அதன் சுரப்புகள் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் பத்துப் புழுக்களை விட்டு, வலைத்துணியால் மூடி, இரண்டு அல்லது மூன்று நாள்களில் அகற்றுவது நடைமுறை. மேலைநாடுகளில் லூசிலியா செரிகாட்டா பயன்படுகிறது. மலேசியாவில் வெப்பமண்டல இனமான லூசிலியா குப்ரினாவைப் பயன்படுத்தியுள்ளனர். இந்த ஈ தமிழகத்திலும் உள்ளதென்பது கருதத்தக்கது.

எனினும், பட்டாசுத் தீக்காயத்திற்கு இதனை நேரடியாகப் பரிந்துரைக்க இயலாது. ஆழ்ந்த தீக்காயத்தில் உருவாகும் கருகிய தோல் உலர்ந்தும் இறுகியும் இருக்கும். புழு வாழ ஈரம் வேண்டும். கருகிய பகுதியை அறுவையால் நீக்கித் தோல் ஒட்டுவதே அங்கு முதன்மைச் சிகிச்சை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் கடுமையான தீக்காயங்களுக்கு வேண்டுவதும் அதுதான். ஆறாமல் கசியும் பழைய புண்களிலேயே புழு மருத்துவம் எண்ணிப் பார்க்கத் தக்கது. அங்கும் தானாக வந்தமர்ந்த ஈயின் புழுவை அப்படியே விட்டுவைப்பது மருத்துவமாகாது; அது பெஸ்ஸியானாவாகவும் இருக்கலாம். பட்டாசு அறையில் ‘மருந்து’ என்றால் வெடிக்கலவை. அதே சொல்லே மருத்துவமனையிலும் வழங்குகிறது. சொல்லின் இவ்விரட்டைத் தன்மையைப் போன்றதே புழுவின் இயல்பும்.

காலம் காட்டும் புழு

கொலை விசாரணையில் ஈ இடம்பெற்ற பழைய பதிவுகளுள் ஒன்று, சீன நீதிபதி சோங் சு 1247இல் எழுதிய நூலில் உள்ளது. வெட்டுண்டு இறந்த ஒருவரின் ஊராரைத் தத்தம் அரிவாள்களைத் தரையில் வைக்கச் செய்தபோது, ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்த்தது. நவீன முறைக்குப் பிரான்சின் பெர்ஜெரே 1855இலும், மெஞ்ஞேன் 1894இலும் அடித்தளமிட்டனர்.

இதன் தருக்கம் எளியது. பகலில் வெளியே கிடக்கும் உடலில் ஈ விரைவில் முட்டையிடும். புழுவின் வளர்ச்சி வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் மெகசெபாலா ஒன்பது, பத்து நாள்களில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும். குளிரில் பன்மடங்கு காலமாகும். ஆகவே, குளிர்நாட்டு அட்டவணைகள் விருதுநகருக்கு உதவா. தகரக் கொட்டகையின் உள்வெப்பம் வேறு, சீமைக்கருவேல நிழலின் வெப்பம் வேறு. புழுக்கள் திரளாகக் கூடும்போது அத்திரளே வெளிக்காற்றைவிடச் சூடாகும். மேலும், ரூபிபேசியஸ் புழு பிற புழுக்களையும் உண்ணும். முதலில் வந்த மெகசெபாலாவின் புழுக்களை அது தின்றுவிட்டால், மிஞ்சியிருப்பவற்றைக் கொண்டு கணக்கிடும் காலம் உண்மைக் காலத்தினும் குறைந்துவிடும்.

எரிந்த உடலும் பேரியமும்

உரிமம் பெற்ற ஆலைகளின் அறைகள் விதிக்குப் புறம்பாக உள்குத்தகைக்கு விடப்படுவதும், வீடுகளில் மறைவாகப் பட்டாசு கட்டுவதும் இவ்வட்டாரத்தில் பலமுறை வெளிப்பட்டுள்ளன. அத்தகைய இடங்களில் வருகைப்பதிவேடு இராது. இடிபாட்டில் சில நாள் கழித்துக் கிடைக்கும் உடல் விபத்தில் இறந்தவருடையதா, முன்பே இறந்தவருடையதா என்ற கேள்வி எழுமானால், குடும்பத்திற்குரிய இழப்பீடும் குற்ற வழக்கும் அதன் விடையைப் பொறுத்தே அமையும்.

இங்குப் புழு பேசும். தீயில் வெந்த புழுவோ கருகிய கூட்டுப்புழுவோ உடலுக்குள் காணப்பட்டால், தீக்கு முன்பே உடலில் ஈ முட்டையிட்டுவிட்டது எனக் கொள்ள இடமுண்டு. கனடாவில் கெயில் ஆண்டர்சன், பன்றி உடல்களை வைத்து வீட்டை எரித்து நடத்திய ஆய்வு, தீக்குப் பின்னும் பூச்சித் தடயங்களைச் சேகரிக்க இயலும் எனக் காட்டியது. தீக்குப் பின் வரும் ஈக்களைப் பொறுத்தவரை, ஹவாயில் அவிலாவும் காஃபும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், எரிந்த உடல்களில் எரியாதவற்றைவிட ஒரு நாள் முன்னதாகவே முட்டையிடப்பட்டது. வெப்பத்தால் தோல் வெடிப்பது முட்டையிட வழிதருகிறது. முற்றிலும் கரியான உடலுக்கு இது பொருந்தாது.

புழு தான் உண்டதையும் உடலில் கொண்டிருக்கும். ஹவாயில் குணதிலகவும் காஃபும் 1989இல், அழுகிய உடலொன்றில் இருந்த கிரைசோமியா புழுக்களில் மாலத்தியானைக் கண்டறிந்தனர். பருத்தி விளையும், பூச்சிமருந்து எளிதில் கிடைக்கும் மாவட்டத்திற்கு இது நேரடியாகப் பயன்படும் சான்று. ஆனால், 2004இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த மற்றொரு முடிவை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. துப்பாக்கிச் சூட்டு எச்சம் படிந்த ஊனை உண்ட புழுக்களில் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகியவற்றை அளக்கலாம் என்பது அம்முடிவு. குண்டுத் துளை அழிந்துபோன உடலிலும் துப்பாக்கியின் தடத்தைப் புழுவிடம் தேடலாம் என்பது அதன் உட்பொருள்.

சிவகாசியில் இம்மூன்றும் துப்பாக்கிக்கு மட்டும் உரியவை அல்ல. பச்சை ஒளி தருவதும் கம்பி மத்தாப்பில் ஆக்சிஜன் அளிப்பதும் பேரியம் நைட்ரேட். ஆன்டிமனி சல்பைடு பட்டாசுக் கலவைகளிலும் தீப்பெட்டித் தொழிலிலும் நெடுங்காலம் பயன்பட்டது. உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் ஈயம், ஆன்டிமனி உள்ளிட்டவற்றையும், 2018 அக்டோபரில் பேரிய உப்புகளையும் பட்டாசில் தடைசெய்தது. 2021 அக்டோபரில் பேரியத் தடையை மீண்டும் வலியுறுத்தியது. தடைக்கு முன் மண்ணில் கலந்தவை ஆணையால் மறைவதில்லை. பட்டாசு எச்சத்திலும் துப்பாக்கி எச்சத்தை ஒத்த துகள்கள் உருவாகலாம் என்பதை 1998ஆம் ஆண்டுக் கனடா ஆய்வொன்று முன்பே எச்சரித்துள்ளது. துகளின் வடிவத்தையும் சேர்க்கையையும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். புழுவைக் கரைத்துத் தனிமங்களை மட்டும் அளந்தாலோ அவ்வடிவம் தொலைந்துவிடும். மருந்துக் கலவையில் நாள்தோறும் கைவைத்த தொழிலாளியின் உடலை உண்ட புழுவில் பேரியம் இருப்பது இயல்பு. அதனைச் சூட்டுக்குச் சான்றாகக் காட்டினால், நிரபராதி ஒருவர் குற்றக்கூண்டில் நிற்க நேரிடும். நேர்மாறாக, ‘எல்லாம் பட்டாசு மருந்துதான்’ என ஒதுக்கினால் உண்மையான கொலையொன்று விபத்தாகப் பதிவாகிவிடும்.

பாரதிய நாகரிக சுரக்சா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழிடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. அவ்வாறு செல்பவர் புழுக்களை இரு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கை வெந்நீரில் இட்டுக் கொன்று எத்தனாலில் சேமிக்க வேண்டும். மறுபங்கை உயிரோடு வளர்த்து, வெளிவரும் ஈயைக் கொண்டு இனத்தை உறுதிசெய்ய வேண்டும். நஞ்சாய்வுக்கானவற்றை எத்தனாலில் இடாமல் உறையவைப்பது நன்று. பட்டாசு வட்டாரத்தில் இவற்றோடு மேலும் மூன்று ஒப்பீட்டு மாதிரிகள் தேவைப்படும்: உடலுக்கு அடியிலுள்ள மண், சற்றுத் தொலைவிலுள்ள மண், இறந்தவரின் உடைத்துணி. இம்மூன்றிலும் பேரியத்தின் அளவு தெரிந்த பின்னரே, புழுவில் கண்ட பேரியத்திற்குப் பொருள் கூற முடியும்.