வயலுக்கு வரி இல்லை... உழவர் கம்பெனிக்கு உண்டு!

திருக்கழுக்குன்றம், செய்யூர், மாமல்லபுரம் வட்டாரங்களில் நெல், நிலக்கடலை, தர்பூசணி விளைவிக்கும் விவசாயிகள் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரர்களாக இருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் ஆடிட்டர் கணக்கை வாசித்து, ‘வருமான வரி’ என்று ஒரு தொகையைச் சொன்னதும் கேள்வி எழும். “விவசாய வருமானத்துக்குத்தான் வரி கிடையாதே, எங்கள் கம்பெனிக்கு மட்டும் ஏன்?”

காரணம் எளிது. தன் நிலத்தில் விளைந்ததை விற்று வரும் பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால், உறுப்பினர்களிடம் நிலக்கடலையை வாங்கி விற்கும் நிறுவனம் சட்டப்படி தனி ஆள். அது செய்வது வியாபாரம். அதில் வரும் லாபத்துக்கு மற்ற கம்பெனிகளைப் போல் வரி உண்டு.

பில்லில் தெரியும் வரி, தெரியாத வரி

ஜி.எஸ்.டி. பொருளின் விலையோடு சேர்ந்து வருவது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பில்லைப் பார்த்தாலே இது தெரியும்.

கம்பெனி லாபத்தின் மீதான வரி பில்லில் வராது. 2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு 22 சதவிகிதம், புதிய உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு 15 சதவிகிதம் என்று வரி குறைக்கப்பட்டது. இதனால் அரசு விட்டுக்கொடுத்த வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. மிச்சமான பணத்தில் விலையைக் குறைப்பதா, கூலியை உயர்த்துவதா, பங்குதாரருக்குக் கொடுப்பதா என்பது கம்பெனியின் முடிவு. போட்டி கடுமையாக உள்ள பொருளில் நுகர்வோருக்குக் கொஞ்சம் கிடைக்கலாம். போட்டி இல்லாத பொருளில் அதை எதிர்பார்க்க முடியாது.

உழவர் கம்பெனியில் பொருள் கொடுப்பவரும் பங்குதாரரும் ஒருவரே. அதனால் வரியின் சுமை நேராக விவசாயியின் மடியில்தான் விழுகிறது.

ஒரு கணக்கு

நிறுவனத்துக்கு ஆண்டு லாபம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 22 சதவிகித முறையில், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 2,51,680 ரூபாய் வரி. அதே நிறுவனம் கொள்முதல் செய்யும்போதே கிலோவுக்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்து, உறுப்பினர்களுக்கு 4 லட்சம் ரூபாய் அதிகம் போய்ச் சேர்ந்திருந்தால், அது கொள்முதல் செலவு. லாபம் 6 லட்சம், வரி 1,51,008 ரூபாய். ஒரு லட்சத்துக்கும் மேல் மிச்சம்.

லாபம் வந்த பிறகு பங்கு ஈவாக (டிவிடெண்ட்) கொடுத்தால் அது செலவாகாது. 2020 ஏப்ரல் முதல் அந்த ஈவு, பெறுபவரின் வருமானத்திலும் சேரும்.

கரும்பு சொல்லும் பாடம்

படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர்களுக்கு இது எளிதில் புரியும். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு ஆலைகள் அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் கரும்புக்குக் கொடுத்த தொகையை, ‘இது விலை அல்ல, லாபப் பங்கீடு’ என்று சொல்லி வருமான வரித் துறை வரி கேட்டது. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 2016-17 மதிப்பீட்டு ஆண்டுக்கு முந்தைய தொகைகளையும் செலவாகக் காட்ட 2023 பட்ஜெட்டில்தான் வழி கிடைத்தது. சுமார் 10,000 கோடி ரூபாய் நிவாரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. விலை எது, லாபம் எது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

உறுப்பினர்கள் கவனிக்க...

* கொள்முதல் விலையைப் பருவத் தொடக்கத்திலேயே இயக்குநர் குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அது சந்தை நிலவரத்துக்குப் பொருந்த வேண்டும்.

* உறுப்பினர் வாரியாக எடைச் சீட்டு, ரசீது, வங்கி வழிப் பணம் மூன்றும் இருக்கட்டும்.

* 100 கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2018 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டு வரிச்சலுகை அறிவிக்கப்பட்டது. அது நிரந்தரச் சலுகை அல்ல. இந்த ஆண்டு நிலவரத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

* லாபமே இல்லாவிட்டாலும் கம்பெனி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

* வரிக்குப் பயந்து லாபம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. கிடங்கு கட்டவும், விலை சரியும் ஆண்டில் தாக்குப்பிடிக்கவும் கையிருப்பு வேண்டும். விதைநெல்லை எடுத்து வைப்பதைப் போலத்தான் இதுவும்.