முதல் பரிசோதனை யாருக்கு?

வெள்ளவத்தை, காலி வீதிப் பாமஸிகளில் கர்ப்பம் பார்க்கும் குச்சியைக் கேட்டு வாங்க இப்போது யாரும் பெரிதாகக் கூச்சப்படுவதில்லை. அதே மாதிரி இன்னொரு குச்சியும் கிடைக்கிறது: சூல்முட்டை வெளியாகும் நாளைக் காட்டுவது. கலியாணமாகி ஒரு வருடம் தாண்டிய பிள்ளைகள் அதை மாதாமாதம் வாங்குகிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி அண்மையில் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு கோடும் ஒழுங்காத்தான் வருது. அப்ப ஏன் இன்னும் ஒண்டும் இல்ல?" மாப்பிள்ளை ஏதும் டெஸ்ட் செய்தாரா என்றேன். "அவருக்கு என்ன டீச்சர்? அவர் நல்லாத்தானே ஈக்கிறார்."

இந்தப் பதில் அவளுடையது மட்டுமல்ல. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான் பல வீடுகளில் கேட்டது.

முதலில் அந்தக் குச்சி என்ன செய்கிறது என்று பார்ப்போம். முட்டை வெளியாவதற்கு ஒன்று அல்லது ஒன்றரை நாள் முன்பு எல்.எச். என்ற ஹோர்மோன் இரத்தத்தில் திடீரென உயர்கிறது. சிறுநீரில் அந்த உயர்வைக் குச்சி பிடித்துக்கொள்கிறது. வெளியான முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது. குச்சியை மட்டும் நம்பிக் கடைசி ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர்கள் நல்ல நாட்களைத் தவறவிடுகிறார்கள். காலையில் எழுந்தவுடன் உடல் வெப்பம் பார்த்துக் குறிக்கும் முறை செலவில்லாதது. ஆனால் முட்டை வெளியான பிறகே வெப்பம் ஏறும். அந்த மாதத்துக்கு அது உதவாது, ஒழுங்கை அறியத்தான் உதவும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கோ எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். குச்சி பொய் சொல்லும்.

குச்சி காட்டாதவை இன்னும் உண்டு. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கணவரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அதைப் பார்க்கும் விந்துப் பரிசோதனை வலியில்லாதது, ஒரே நாளில் முடிவது. பெண்ணுக்குச் செய்யும் கருக்குழாய் எக்ஸ்ரேயோடும் லெப்பரஸ்கோப்பியோடும் ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் நம் வீடுகளில் வரிசை தலைகீழ். மனைவி ஸ்கேன், மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, நேர்ச்சை எல்லாம் முடித்து மூன்று நான்கு வருடம் கழிந்த பிறகுதான் கணவரிடம் யாராவது மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.

வெட்கம்தான் காரணமென்றால், இந்தப் பரிசோதனைக்கான மாதிரியை வீட்டிலேயே, மனைவியின் துணையோடு எடுக்கலாம். மார்க்கத் தயக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே வழி. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, ஆய்வுகூடம் தந்த போத்தலில் எடுத்து, உடற்சூட்டோடு வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். (கொட்டாஞ்சேனை ட்ரபிக்கை நினைத்து ஆய்வுகூடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.) சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூல் கீழெல்லையாகத் தருவது ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் விந்தணு. அதற்குக் குறைந்தால் பிள்ளையே இல்லை என்று அர்த்தமில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு எடுக்கும் என்பதால், சிகரட்டை விட்டு, வைத்தியர் சொன்னதைச் செய்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, வாயில் இல்லை. வாயில் இருப்பது 'மலடி' மட்டுமே. ஆனால் ஸூரா அஷ்ஷூறாவின் 50ஆவது வசனம் பிள்ளையற்றவர்களைச் சொல்லுமிடத்தில் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. சொல்லோடு நின்றாலும் பரவாயில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், 24ஆம் பிரிவில், இன்னொரு திருமணம் செய்ய நினைக்கும் கணவர் 30 நாள் முன்கூட்டிக் காதியாருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. முதல் மனைவியின் சம்மதத்தை அது கேட்கவில்லை. வைத்திய அறிக்கையையும் கேட்கவில்லை. ஒரு நாள் டெஸ்ட் ஒன்றைச் செய்யாமலேயே ஒரு பெண்ணின் குடும்ப வாழ்வைப் பற்றி முடிவெடுத்துவிடலாம்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் விந்தூட்டல் பற்றியும் கேட்கிறார்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் கணவரின் விந்தை யோனிக்குள் வைப்பது அது. உடலுறவு கடினமான தம்பதியருக்கு அது பயன்படும். விந்தணு குறைவுக்கோ குழாய் அடைப்புக்கோ பயன்படாது. கருப்பைக்குள் செலுத்துவதை ஒருபோதும் வீட்டில் செய்யக் கூடாது. கழுவாத விந்து அங்கே கடும் வலியையும் தொற்றையும் உண்டாக்கும். அதற்கு ஆய்வுகூடமும் வைத்தியரும் வேண்டும். மார்க்க நிலையில் குழப்பமில்லை: 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, மூன்றாம் ஆள் நுழையும் ஐந்தை விலக்கியது. கணவன் மனைவிக்குள் நடக்கும் சோதனைக்குழாய் முறையையும் விந்தூட்டலையும் தேவைக்கேற்ப அனுமதித்தது. 1980இலேயே அல்அஸ்ஹரின் ஃபத்வாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. இணையத்தில் விலைபேசும் அந்நிய விந்து இதற்குள் அடங்காது. நசபு ஒருபுறமிருக்க, எச்.ஐ.வி. சோதித்தார்களா என்று யார் சொல்வது?

நம்மவர்கள் தட்டாத கதவு ஒன்று இருக்கிறது. மிட்வைஃப் மிஸ். கர்ப்பமான பிறகுதான் அவரைத் தேடவேண்டும் என்று நினைக்கிறோம். புதிதாகக் கலியாணம் முடித்தவர்களைப் பதிவதும், போலிக் அமில மாத்திரை தருவதும், ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காதவர்களை எம்.ஓ.எச். வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்புவதும் அவருடைய வேலைகளே. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போகலாம். காசில்லை. ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கும் பெண்ணுக்கும் அங்கே முதலில் பேசக் கிடைப்பது ஒரு பெண்தான்.

கிராமத்தில் மிட்வைஃப் வீடு வீடாக வருவார். வெள்ளவத்தை ப்ளட்டுகளில் கேட் செக்கியூரிட்டியோடு அவர் பயணம் முடிந்துவிடுகிறது. நாமேதான் போய்ப் பதியவேண்டும். கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமாகத் தாய் சேய் கிளினிக்குகள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்துக்குரியது எது என்று பக்கத்து வீட்டுக் குழந்தையின் தடுப்பூசிக் கொப்பியைப் பார்த்தாலே தெரியும். மொழி இன்னொரு தடை. சிங்களம் தெரியாத மருமகளுக்கு மாமியோ மதினியோ மொழிபெயர்க்கப் போனால், மாதவிடாய்க் கணக்கிலிருந்து படுக்கையறை வரை குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும். பாதியை அவள் சொல்லவே மாட்டாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் அரச கரும மொழி. தமிழ் பேசும் மிஸ் எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அந்த நாளில் கணவனும் மனைவியும் மட்டும் போகலாம். விந்துப் பரிசோதனைக்கான துண்டை அன்றைக்கே கேட்டு வாங்கலாம்.