பாரதக் கூத்தில் அரங்க மேலாண்மை

பாரதக் கூத்தில் அரங்க மேலாண்மை என்பது, திரௌபதி அம்மன் விழாக்களில் ஊரே அரங்கமாக மாறும் நிகழ்வுகளை ஒழுங்காகவும் இடரின்றியும் நடத்தும் மரபுவழி ஏற்பாடு ஆகும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நடைபெறும் இவ்விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் பல நாட்கள் நிகழும். பார்வையாளர் இங்கு வெறும் காண்போர் அல்லர். பல இடங்களில் கதைக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றனர்.

பொறுப்பாளர்கள்

கூத்துக் குழுவின் தலைவர் வாத்தியார் எனப்படுவார். காட்சிகளை நீட்டுவதும் குறுக்குவதும் இவர் பொறுப்பு. விடியும் வேளையில் கதை முடிய வேண்டும் என்பதால் இக்கணக்கு முதன்மையானது. கட்டியங்காரன் பாத்திரங்களை அறிமுகம் செய்து, கூட்டத்தோடு நகைச்சுவையாக உரையாடுவான். அடுத்த வேடம் ஒப்பனை முடித்து வரும்வரை ஆட்டம் தொய்யாமல் காப்பவனும் இவனே. கூட்டத்தை விலக்குதல், வழி அமைத்தல் முதலியவற்றை ஊர் விழாக்குழுவினர் கவனிப்பர்.

பங்கேற்பு நிகழ்வுகள்

பகாசுரன் கதையில் வீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வர, வீட்டார் உணவளிப்பர். அருச்சுனன் தபசில் நடிகர் உயரமான கம்பத்தில் பாடியபடியே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ முதலியவற்றை எறிவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே ஈர உடையுடன் காத்திருப்பர். கம்பத்தின் உறுதியும் நடிகரின் உடல்வலுவும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டியவை. இங்கு தவறு நேர்ந்தால் உயிருக்கே கேடு.

துகிலுரிதல் காட்சி வேறு வகையில் கடினமானது. நடிகருக்கும் பார்வையாளருக்கும் அருள் வந்துவிடுவது உண்டு. துச்சாதனன் வேடமிட்டவர் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்ட பின்னரே சேலையைத் தொடுவார். அருள் வந்தோருக்குத் திருநீறு பூசியும் கற்பூரம் காட்டியும் அமைதிப்படுத்துவர். சமய வழக்காகத் தோன்றும் இதுவே நடிகரைக் கூட்டத்தின் சினத்திலிருந்து காக்கும் ஏற்பாடாகவும் அமைகிறது.

படுகளத்தன்று களத்தில் மண்ணால் துரியோதனன் உருவம் பெரிதாகக் கிடத்தப்படும். வீமன் துரியோதனனைக் கூட்டத்திடையே துரத்திச் சென்று இறுதியில் உருவத்தின் தொடையில் அடிப்பான். அங்கே முன்னரே மறைத்து வைக்கப்பட்ட சிவப்பு நீர் வெளிப்படும். அதன்பின் திரௌபதி கூந்தல் முடிப்பாள். சில ஊர்களில் பெண்கள் ஒப்பாரி வைப்பதும் உண்டு. மாலையில் தீமிதி நடைபெறும்.

பிற மரபுகள்

நியூயார்க்கில் 2011 முதல் 2025 வரை நடந்த 'சிலீப் நோ மோர்' நாடகத்தில் முகமூடி அணிந்த பார்வையாளர்கள் பல மாடிகளில் நடிகரைத் தொடர்ந்து அலைந்தனர். அவர்கள் பேசுவதற்கு இடமில்லை. கூத்திலோ அழுவதும் வேண்டுவதும் பார்வையாளரின் உரிமை. வாரணாசியை அடுத்த இராம்நகர் இராமலீலையிலும் ஊரே அரங்கமாகும். அங்கு வியாசர்கள் நூலைக் கையில் ஏந்தி நடிகர் அருகிலேயே நின்று நெறிப்படுத்துவர்.

சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டை, குகை முதலிய பகுதிகளில் ஆடித் திருவிழாவின்போது நடைபெறும் வண்டி வேடிக்கை இதற்கு நெருங்கிய உறவுடையது. இதில் புராண வேடமிட்டோர் அலங்கரித்த வண்டிகளில் கூட்டத்தின் நடுவே வலம் வருவர். அரங்கு நகர, பார்வையாளர் நிற்பது இதன் சிறப்பு ஆகும்.