அவசரத்துக்கு ஆகாத பீர்

முதல் பாட்டிலை நானேதான் பாழாக்கினேன். பீர் என்றால் பல் கூச வேண்டும் என்ற இந்தியப் பழக்கம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தால் இருமல் மருந்தின் ருசி. இதற்காகவா எடின்பரோவிலிருந்து பஸ் ஏறி வந்தோம் என்றிருந்தது.

இரண்டாவது பாட்டிலை அறையின் ஜன்னலோரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். 12, 13 டிகிரி இருக்கலாம். குடித்துப் பார்த்ததும், அதே பீர்தானா என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்.

அதே டிரக்வேர் ஹவுஸ் ஏல்தான். தெற்கு ஸ்காட்லாந்தில் இன்னர்லீதன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டிரக்வேர் மாளிகையில் காய்ச்சுவது. மாளிகையின் சரித்திரம் 1107-லிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1566-ல் வந்து தங்கிய இடம். அதன் ஒரு பகுதியில், தேவாலயத்துக்குக் கீழே, 18-ம் நூற்றாண்டு பீர் கொட்டடி ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. 20-வது பிரபுவான பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட் (நம்மூர்க் கணக்கில் ஜமீன்தார்) அதைத் தூசி தட்டி 1965-ல் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். எஃகுத் தொட்டிகளின் காலத்திலும் இங்கே பீர் நொதிப்பது ஓக் மரத்தொட்டியில்.

கிளாசில் கறுப்பாகத் தெரிகிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் மாதுளைச் சிவப்பு. நுரை குறைவு, அதுவும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. முகர்ந்தால் முதலில் கருப்பட்டிப் பாகு, அப்புறம் உலர்ந்த திராட்சை, கடைசியில் மழையில் நனைந்த மரத்தின் வாசனை. நாக்கில் பட்டதும் இனிப்பு. அது அங்கேயே ஒட்டிக்கொண்டு அடம்பிடிப்பதில்லை. லேசான கருகலுக்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புக்கும் வழிவிட்டு, தொண்டையில் இறங்கும்போது வறண்டு முடிகிறது. சில்லென்று குடித்தபோது தொலைந்துபோனது இந்த முடிவுதான். குளிர் வாசனையை அமுக்கிவிடும்; மிஞ்சுவது வெறும் தித்திப்பு.

ஸ்காட்லாந்து ஆயிற்றே, விஸ்கிபோல் பீட் புகை அடிக்குமோ என்று மோப்பம் பிடித்தேன். துளியும் இல்லை. 'ஸ்காட்ச் ஏல்' என்ற பெயரில் புகையூட்டிய மால்ட்டைச் சேர்ப்பது பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் கற்பனை. ஸ்காட்லாந்தின் பழைய பெருமை மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஒரு காலத்தில் பீப்பாயின் விலையை வைத்தே ஏலுக்குப் பெயர்: 60 ஷில்லிங், 70, 80 என்று. ஷில்லிங் கூடினால் வீரியமும் கூடும். எல்லாவற்றையும்விடக் கனமானதைச் சின்ன பாட்டிலில் அடைத்து 'வீ ஹெவி' என்றார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'வீ' என்றால் குட்டி.

இந்த ஏலில் ஆல்கஹால் 7.2 சதவீதம். இந்தியாவில் அதிகம் விற்பதும் ஸ்ட்ராங் பீர்தான். 8 சதவீதம் வரைகூடப் போகிறது. எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நம்முடையதில் முதல் மடக்கிலேயே ஆல்கஹால் சுருக்கென்று குத்துகிறது. அதை மறைக்கத்தான் ஐஸ் பெட்டி. இங்கே மால்ட்டை அள்ளிப் போட்டிருப்பதால் வீரியம் ருசிக்குள் ஒளிந்துகொள்கிறது. பாதி பாட்டிலில் காது மடல் சூடானபோதுதான் எனக்கே தெரிந்தது. கூட மிளகாய் பஜ்ஜி சரிப்படாது. முற்றிய செடார் சீஸ் பிரமாதம்.

குறை இல்லாமல் இல்லை. மர வாசனை சிலருக்குப் பழைய அலமாரியை ஞாபகப்படுத்தும். ஒரு பாட்டிலுக்கு மேல் திகட்டும்.

மாளிகையில் இன்னொரு ஏலும் உண்டு. ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1745-ல் நடந்த ஜேகபைட் கிளர்ச்சியின் 250-வது ஆண்டு நினைவாக 1995-ல் வந்த ஜேகபைட் ஏல். 8 சதவீதம். அந்தக் கிளர்ச்சியின்போது மூடிய மாளிகையின் கரடி வாசல், ஸ்டூவர்ட் ராஜா ஒருவர் மறுபடி முடிசூடும்வரை திறக்காது என்பது சம்பிரதாயம். பூட்டு இன்னும் தொங்குகிறது. இந்த ஏலில் கொத்தமல்லி விதை சேர்க்கிறார்கள். தனியாவை ரசப்பொடியில் மட்டுமே சந்தித்த மூக்கு சட்டென்று நிமிர்கிறது. வாயில் அது கொஞ்சம் கூடுதல்தான். எனக்கு மசாலா இல்லாத பழையதே போதும்.