கைக்குழந்தையின் குரல் கம்முவது ஏன்?

நாம் உண்ணும் அரிசிக்கும் கைக்குழந்தையின் குரலுக்கும் தொடர்பு உண்டு. நெல்லின் தவிட்டிலும் முளையிலும்தான் 'பி1' என்னும் உயிர்ச்சத்து (தயமின்) மிகுதியாக உள்ளது. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டும்போது இச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது.

1890-களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றபின் அவை தேறுவதையும் கண்டார். 1929-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே சத்துக் குறைவால் மனிதருக்கு வரும் நோய் 'பெரிபெரி' எனப்படும். கம்போடியா, லாவோஸ், காஷ்மீர் ஆகிய பகுதிகளில் அண்மைக் காலத்திலும் குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்டுள்ளது.

நோயின் அறிகுறிகள்

தாய்க்கு இச்சத்து குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். அப்பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களில் நோய் தோன்றும். குரல்வளையை இயக்கும் நரம்பு தளர்வதால் அழுகுரல் முதலில் கம்மும். பிறகு வாய்திறந்து அழுதாலும் ஓசை வராது. பால் குடிக்க மறுத்தல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவையும் காணலாம். இதயம் பாதிக்கப்பட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

குரல் கம்முவதெல்லாம் இந்நோய் அல்ல. எனினும், சளி என்று எண்ணிக் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். தாய் உண்ணும் உணவையும் மருத்துவரிடம் கூறுங்கள். நோய் இதுவானால், தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே குழந்தை தெளிவடையத் தொடங்கும். குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பும்.

தடுக்கும் முறைகள்

1. புழுங்கலரிசி அல்லது கைக்குத்தல் அரிசியை உண்ணுங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெருமளவு தங்கும்.

2. வீட்டுத் தேவைக்கு அரைக்கும்போது அரிசியை மிகவும் வெண்மையாகத் தீட்ட வேண்டாம்.

3. இச்சத்து நீரில் கரையும். ஆகவே அரிசியைப் பலமுறை களையாதீர்கள், வடிகஞ்சியை வீணாக்காதீர்கள்.

4. பருப்பு விரைவில் வேகச் சோடா உப்பு சேர்க்காதீர்கள். அது இச்சத்தை அழித்துவிடும்.

5. பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்று வெறும் சோறும் ரசமும் மட்டும் கொடுப்பது தவறு. பச்சைப்பயறு, உளுந்து, நிலக்கடலை, எள், கம்பு, கேழ்வரகு முதலியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

இவை பெரும்பாலும் நம் வயலில் விளைபவையே. விற்பனைக்கு அனுப்புமுன் வீட்டுத் தாய்மாருக்கு வேண்டியதை ஒதுக்கி வையுங்கள்.