பவுனும் பங்கும்

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் கைக்கு வந்தால், அதில் மிஞ்சுவது நகைக் கடைக்குச் செல்வதே வழக்கம். பொருளியல் பயிலும் நான் சென்ற ஆண்டு, "இம்முறை பங்கில் போடலாமே, அம்மா" என்றேன். "பவுன் என்றைக்காவது இறங்கிப் பார்த்திருக்கிறாயா?" என்றார் என் அன்னையார். அவ்வினாவே என்னை நூலகத்திற்கு அனுப்பியது.

பங்கு விழுந்தால் தங்கம் எழும், தங்கம் விழுந்தால் பங்கு எழும் எனத் தராசுத் தட்டுகளைப் போலக் கூறுவோர் பலர். அவ்வளவு எளிதன்று. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண்ணை ரூபாயாகக் கொண்டு, அத்தொகைக்கு எத்தனை கிராம் தங்கம் கிடைக்கும் என்று பாருங்கள். 1978-79ஆம் ஆண்டு நிலையை 100 எனக் கொண்டது அக்குறியீடு. அப்போது 10 கிராம் தங்கம் 1,000 ரூபாய்க்குள். ஆக, ஒரு கிராமுக்குச் சற்று மேல். 2008 ஜனவரியில் குறியீடு 21,000ஐத் தொட்டபோது ஏறத்தாழ 19 கிராம். 2009 மார்ச்சில் அது 8,200க்கும் கீழே இறங்கியபோதோ ஐந்தரை கிராம்தான்! 2024 செப்டம்பரில் 85,000ஐக் கடந்தபோது சுமார் 11 கிராம். நெடுங்காலம் பொறுத்தவருக்குப் பங்கு வென்றது. 2008 தொடக்கத்தில் நுழைந்தவர் பதினான்கே மாதங்களில், தங்கக் கணக்கில், மூன்றில் இரண்டு பங்கை இழந்தார்.

இரண்டும் சேர்ந்து விழுந்த காலமும் உண்டு. 2008 அக்டோபரிலும் 2020 மார்ச்சிலும் உலகச் சந்தையில் பங்கோடு தங்கமும் சரிந்தது. பங்கில் நட்டப்பட்டவர்கள் ரொக்கத்திற்காகத் தங்கத்தை விற்றதே காரணம். பின்னர் தங்கம் விரைவில் மீண்டது. 2020 ஆகஸ்டில் இங்கே 10 கிராம் 55,000 ரூபாயைத் தாண்டியது.

அன்னையாரின் வினாவுக்கு வருகிறேன். 1980 ஜனவரியில் ஓர் அவுன்சு 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999இல் 260 டாலருக்கும் கீழே போயிற்று. ஆனால் நம் கடைவீதியில் அது தெரியவில்லை. அவ்விடைக்காலத்தில் டாலரின் மதிப்பு 8 ரூபாயிலிருந்து 43 ரூபாயாயிற்று. பவுன் விலையை இங்கே தாங்கிப் பிடித்தது ரூபாயின் வீழ்ச்சியே.

இதை வீட்டில் விளக்கினேன். அன்னையார் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார். தம்பியின் மருத்துவச் செலவுக்காகக் கள்ளக்குறிச்சி அடகுக் கடைக்கு இருமுறை போய், இருமுறையும் திரும்பி வந்த சங்கிலி அது. விலை வீழ்ந்த நாளில் விற்ற பங்கு அப்படித் திரும்பி வராது. என் குறியீட்டுக் கணக்கில் இதற்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கிழங்குப் பணத்தில் மூன்றில் ஒரு பகுதியையாவது பத்தாண்டுக்குப் பங்கில் விடலாம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை.