ஐந்து நிமிட மருந்து

மூச்சுக் கணக்கு – 9

கட்டுவிரியன் இந்த வாரம் இல்லை. ராத்திரி பாயில் படுத்தவர் விடியும்போது இமை தூக்க முடியாமல், மூச்சு இழுக்கத் தெம்பில்லாமல் கிடப்பதும், கடிவாய் தெரியாததால் டாக்டர் குழம்புவதும் போன வாரம் பாதியில் நின்றன. அவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். பாம்பு காத்திருக்கட்டும். அதைப் போலவே தசைகளை முடக்கி மூச்சை நிறுத்துகிற ஒரு மருந்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறெதிலும் புத்தி போகவில்லை.

சக்சினைல்கோலின் என்பது முழுப் பெயர். ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கோலின். ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். ஊசி ஏறியதும் முகத்திலும் கழுத்திலும் தசைகள் மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பு தோள், வயிறு என்று இறங்கிக் கால்விரல் வரை ஓடி அடங்கும். அப்புறம் உடம்பு முழுக்கத் தொய்ந்துவிடும், மூச்சும் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் தொண்டையில் குழாயை இறக்கிவிடலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட நிலையில் விபத்தில் சிக்கி வந்தவர், அவசர சிசேரியன் என்று நேரமே இல்லாத இடங்களில் இதன் வேகம்தான் உயிர் காக்கும். ஐந்து, மிஞ்சினால் பத்து நிமிடத்தில் வீரியம் போய் மூச்சு தானாக வந்துவிடும்.

இந்த மருந்தை 1906இலேயே ஒருவர் கையில் வைத்திருந்தார் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்த செய்தி. அமெரிக்கர் ரீட் ஹன்ட். கூட்டாளி டவோவுடன் சேர்ந்து கோலின் குடும்பத்துப் பொருட்களை ஒவ்வொன்றாக விலங்குகளுக்குக் கொடுத்து ரத்த அழுத்தம் என்னவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசெட்டைல்கோலின் சாதாரணக் கோலினைவிட லட்சம் மடங்கு வீரியமானது என்று கண்டுபிடித்ததும் இவர்கள்தான். அந்த வரிசையில் சக்சினைல்கோலினும் இருந்தது. ஆனால், விலங்கு துள்ளினால் அளவு கெட்டுவிடும் என்று முன்கூட்டியே குராரே கொடுத்துத் தசைகளை அசைவில்லாமல் செய்திருந்தார்கள். ஏற்கெனவே அசையாத விலங்கைப் புது மருந்து அசையாமல் ஆக்கியது யார் கண்ணில் படும்? கரண்ட் போன வீட்டில் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்த கதை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த மருந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1949இல் டேனியல் போவே அதன் தசை முடக்கும் குணத்தைச் சொன்னார். 1957இல் நோபல் பரிசு வாங்கிய அதே போவே. 1951இல் வியன்னாவிலும் ஸ்டாக்ஹோமிலும் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஹன்டை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தேடியது ரத்த அழுத்தத்தை.

மருந்து புழக்கத்துக்கு வந்த கையோடு விசித்திரமான சேதிகளும் வந்தன. சிலருக்குப் பத்து நிமிடம் போய் மணிக்கணக்காகியும் மூச்சு திரும்பவில்லை. காரணம் ரத்தத்தில் இருந்தது. கல்லீரல் தயாரித்து அனுப்பும் ஒரு நொதி, சூடோகோலினெஸ்ட்ரேஸ், ஏற்றிய ஸ்கோலினில் பெரும்பங்கைத் தசையைத் தொடும் முன்பே வெட்டிப் போட்டுவிடும். நொதி பழுதென்றால் வெட்ட ஆளில்லை. டொரான்டோவில் வெர்னர் கலோ இதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்தார். டிபுகெய்ன் என்று மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்று உண்டு. மூலத்துக்குப் பூசும் களிம்புகளில் சேர்ப்பார்கள். அது சாதாரண நொதியை நூற்றுக்கு எண்பது பங்கு அடக்கிவிடும், பழுதான நொதியை இருபது பங்குதான் அடக்கும். 1957இல் வந்த இந்த ‘டிபுகெய்ன் எண்’ இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாததும் பரம்பரைச் சொத்தாக இருக்கலாம் என்று சொல்ல ஒரு தனித் துறையே கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சந்தவாசல் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். வேலூருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய செக்கப்புக்குப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஆடி மாசம், படவேடு ரேணுகாம்பாளுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே பெரும்பாடு. மயக்க மருந்து டாக்டர் சின்ன வயசுப் பெண். பிரஷர், சுகர், கட்டுப்பல் எல்லாம் விசாரித்துவிட்டு, “வீட்ல என்ன பாஷை பேசுவீங்க ஐயா?” என்றார்.

“தெலுங்கும்மா.”

“செட்டியாரா?”

“ஆரிய வைசியர்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வர லேட்டாச்சா?”

“எங்க அண்ணனுக்கு ஆச்சும்மா. குடல்வால். மத்தியானம் முடிஞ்ச ஆபரேஷன், ராத்திரி வரைக்கும் மெஷின்ல வெச்சிருந்தாங்க. மயக்க மருந்தை அதிகமா குடுத்துட்டாங்கன்னு பெரிய சண்டை.”

“அதிகமா குடுத்திருக்க மாட்டாங்கய்யா” என்று சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் ‘ஸ்கோலின் கூடாது’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதினார்.

ஆஸ்பத்திரியில் சாதி கேட்டால் எனக்கு முணுக்கென்று கோபம் வரும். இந்த ஒரு கேள்விக்கு வரவில்லை. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பூபதியின் குழு, அமெரிக்க, ஜெர்மானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து அங்குள்ள வைசியர்களிடம் இந்த நொதிக் குறையை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. நொதியின் 307ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின். அந்த ஒரு மாற்றத்தால் நொதி அடியோடு வேலை செய்யாது. ஐரோப்பிய, அமெரிக்க மக்களோடு ஒப்பிட்டால் அந்தச் சமூகத்தில் இந்தக் குறை 4,000 மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். கலோவின் டிபுகெய்ன் இங்கே உதவாது. அடக்குவதற்கு நொதி இருந்தால்தானே!

வைசியர்கள் நூறு தலைமுறைக்கு மேலாகப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் 2009இல் மரபணுவை வைத்துக் காட்டின. அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என்று இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் நொதி முழுசாக இல்லாமல் போகும். வைசியர் எல்லோருக்கும் இது இருக்காது. மற்றவர்களுக்கு வராது என்றும் இல்லை. டாக்டர் கேட்டது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை, நொதி துளிகூட இல்லாதவர்கள் திடகாத்திரமாக இருக்கிறார்கள். ஸ்கோலினோ அதன் பங்காளி மிவாக்யூரியமோ உடம்பில் ஏறாதவரை அவர்களுக்கே இது தெரிய வராது. ஏறிவிட்டால் மாற்று மருந்து தேடி ஓடுவதைவிட, மெஷினில் மூச்சு கொடுத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பதே வைத்தியம். தூக்க மருந்தையும் விடாமல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நினைவு தெளிந்து, காது கேட்டு, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பார்.

பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களுக்கு எடுக்கும் கோலினெஸ்ட்ரேஸ் பரிசோதனையும் இதே நொதியைத்தான் அளக்கிறது. நெல்லுக்கும் வாழைக்கும் மருந்தடிக்கிற நம் பக்கத்து லேப்களுக்கு அது பழகிய பரிசோதனை. ஆக, இந்தக் குறையோடு பிறந்தவர் மருந்து டப்பாவைத் தொடாமலே அந்த ரிப்போர்ட்டில் விஷம் ஏறியவராகத் தெரிவார். பூச்சிமருந்தில், முதல் நாள் ஆபத்து தாண்டி எழுந்து உட்கார்ந்தவருக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ மூச்சுத் தசைகள் சோர்வதை 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் விவரித்தார்கள். அதற்கு ஒரு வாரம் தனியாக வேண்டும். கட்டுவிரியனுக்கு முன்னாலா பின்னாலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரியவரின் ரிப்போர்ட்டில் நொதி இல்லையென்றே சொல்லலாம். அட்ராகியூரியம் கொடுத்து ஆபரேஷனை முடித்தார்கள். அது உடம்புச் சூட்டிலேயே தானாகச் சிதைகிற மருந்து, இந்த நொதியின் தயவு வேண்டாம். சொன்ன நேரத்துக்குக் கண் விழித்தார். தையல் பிரிக்கப் போன அன்று மயக்க மருந்து டாக்டரைத் தேடிப் பிடித்து, “பேத்திக்கு வரன் பாக்குறோம்மா. ஜாதகத்தோட இதையும் கேக்கணுமா?” என்றார்.

“அதெல்லாம் வேணாங்கய்யா. பேத்திக்கும் ஒருதரம் ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. நாளைக்கு சிசேரியன்னு உள்ள கொண்டுபோனா, வெளியில நிக்குற உங்கள்ல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லணும்.”

“சிசேரியன் இருக்கட்டும்மா. மொதல்ல மாப்பிள்ளை கிடைக்கணுமே!” என்றார் பெரியவர்.